ஒரு கைக் குடை

மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கத்துச் சந்து ஒன்றில் நசீருதீனும் பஷீராவும் பைக்கடை வைத்திருந்தார்கள். ஸ்கூல் பை, டிராவல் பை, மழைக்காலம் வந்தால் குடை. நசீருதீன் முன்னால் நின்று வியாபாரம் பேசுவார். பஷீரா உள்ளே தையல் மெஷினில் உட்கார்ந்து அறுந்த ஜிப்பை மாற்றுவாள், ஒடிந்த குடைக்கம்பியைச் சரிசெய்வாள். ஸ்கூல் பை வாங்க வந்தவரிடம் நசீருதீன், சொந்த ஊர் எது, பிள்ளை எந்தக் கிளாஸ், வீட்டில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்பதுவரை விசாரித்துவிட்டுத்தான் விலைக்கு வருவார். உள்ளேயிருந்து அதைக் கேட்டுக்கொண்டே தைப்பது பஷீராவுக்குப் பழகியிருந்தது.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் வெயில் காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. குரோம்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. பேச்சு திரும்ப வந்தது. கால் லேசாக இழுத்தாலும் நடக்க முடிந்தது. வலது கை மட்டும் வரவில்லை. தோளிலிருந்து உணர்ச்சியில்லாமல் அது பாட்டுக்குத் தொங்கியது. அப்போது அவருக்கு ஐம்பத்தொரு வயது.

வீட்டிலிருந்து கடை பக்கம்தான். கடப்பேரியிலிருந்து மெதுவாக நடந்து வந்து, கல்லாவில் உட்கார்ந்து, இடது கையால் பையை எடுத்துக் காட்டப் பழகினார். ஜும்மா தொழுகைக்குத் தனியாகப் போனார். பிசியோதெரபிக்கும் தனியாகத்தான் போவேன் என்று அடம்பிடித்தார். எல்லாம் ஒரு மாதிரி சரியாகிவிடும் என்று பஷீரா நினைத்துக்கொண்டிருந்தபோது மழை ஆரம்பித்தது.

அந்த வருஷ மழையைத் தாம்பரத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முடிச்சூர் ரோட்டில் தண்ணீர் நின்றது, ஸ்கூல்களுக்கு லீவு விட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒருநாள் சாயங்காலம் பிசியோதெரபிக்குப் போன நசீருதீன் சீக்கிரமே திரும்பி வந்தார். தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். ஆனால் கையில் குடை இருந்தது. மூடிய குடை.

கையில் குடையை வைத்துக்கொண்டு ஏன் நனைந்தீர்கள் என்று பஷீரா கேட்டாள். அவர் குடையைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு உள்ளே போனார். துண்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய்த் தலையைத் துவட்டினாள்.

அதற்குப் பிறகு மழை பெய்தால் அவர் வெளியே போவதில்லை. அந்த ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை பெய்யாத நாளே குறைவு. கடைக்கு வரவில்லை, ஜும்மாவுக்குப் போகவில்லை. டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்திருப்பார், ஆனால் பார்க்க மாட்டார். நான் கூட வந்து குடை பிடிக்கிறேன் என்று பஷீரா ஒருநாள் சொன்னாள்.

"கடையை யார் பாக்கறது? எனக்குக் குடை பிடிக்கிறதுக்கா உங்க அத்தா உன்னக் கட்டிக் குடுத்தாரு?" என்றார் அவர்.

விஷயம் தெரியவர ஒரு வாரம் ஆனது. கோவிலம்பாக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்த மகள் இஃப்ரா வந்திருந்தாள். அத்தாவிடம் எதையும் நேராகக் கேட்டுவிடக்கூடியவள் அவள் ஒருத்திதான். அவள் கேட்டதும் சொல்லிவிட்டார். அன்றைக்குக் கொண்டுபோனது பட்டன் குடை. கட்டை விரலால் அமுக்கியதும் திறந்துகொண்டது, அதில் கஷ்டமில்லை. கிளினிக் வாசலில்தான் வம்பு. மூட வேண்டுமென்றால் ஒரு கையால் பிடியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் இழுக்க வேண்டும். சுவரில் வைத்து அழுத்திப் பார்த்தார், முட்டிக்கு நடுவில் இடுக்கிப் பார்த்தார். குறுகலான வாசல். பின்னால் ஆட்கள் நனைந்துகொண்டு நின்றார்கள். யாரோ ஒரு பையன் குடையை அவர் கையிலிருந்து வாங்கி மூடி, திரும்பக் கையில் வைத்து, பாத்துப் போங்க பெரியவரே என்றான். அவர் உள்ளே போகாமல் அப்படியே திரும்பிவிட்டார். வழியில் குடையைத் திறக்கவில்லை. திறந்தால் வீட்டு வாசலில் மறுபடி யாராவது மூடித் தரவேண்டும்.

"நல்ல பையன்தான். அவன்மேல தப்பு இல்ல," என்றார் கடைசியில்.

இஃப்ரா போன பிறகு பஷீராவுக்கு அதே நினைப்பாக இருந்தது. இத்தனை வருஷமாகக் குடை விற்கிறாள், குடை சரிசெய்கிறாள். மூடுவதற்கு இரண்டு கை வேண்டும் என்பது ஒருநாளும் மனதில் பட்டதில்லை. மறுநாள் கடையில் மத்தியானம் கூட்டமில்லாத நேரத்தில் வலது கையை முந்தானையால் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, கடையிலிருந்த குடைகளை ஒவ்வொன்றாக இடது கையால் மூடிப் பார்த்தாள். பட்டன் குடைதான் மோசம். திறக்கத் தள்ளுகிற ஸ்ப்ரிங்கை மூடும்போது நாம் எதிர்த்து அமுக்க வேண்டும். பழைய மாதிரிக் கறுப்புக் குடை தேவலை. கம்பிகளெல்லாம் வந்து சேரும் வளையம் தண்டில் மேலே ஏறியதும், அது இறங்கிவிடாமல் ஒரு சின்ன நாக்கு தண்டிலிருந்து நீட்டிக்கொண்டு தாங்கும். அந்த நாக்கை உள்ளே அமுக்கினால் போதும், வளையம் தன் எடையிலேயே பாதி தூரம் இறங்கிவிடுகிறது. சிக்கல் என்னவென்றால் நாக்கு உச்சியில் இருக்கிறது, கை அடியில் இருக்கிறது.

முதலில் வளையத்தில் ஒரு கயிறு கட்டினாள். கயிற்றை இழுத்தால் வளையம் தாண்டி வரும்படி நாக்கை அரத்தால் ராவிச் சின்னதாக்கினாள். கயிற்றின் நுனியைப் பல்லால் கடித்து இழுத்தால் குடை மூடிக்கொண்டது. ஆசையாக வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செய்து காட்டினாள். நசீருதீன் கயிற்றின் நுனியைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"நடு ரோட்டுல நின்னு கயித்தக் கடிச்சு இழுக்கச் சொல்றியா? அதுக்கு அந்தப் பையன்கிட்டயே குடுத்துடுவேன்."

பஷீராவுக்குக் கோபம் வந்தது. ராத்திரி சாப்பாட்டுத் தட்டை நங்கென்று வைத்தாள். ஆனால் அவர் சொன்னது நியாயம்தான் என்று அவளுக்குத் தெரியும்.

சந்து முனையில் முனிரத்தினத்தின் சைக்கிள் கடை. குடைக்குப் பொடி ஸ்க்ரூ தேவைப்படும்போது பஷீரா அங்கேதான் போவாள். அடுத்த நாள் போனபோது அவன் ஒரு சைக்கிளுக்குப் பிரேக் ஒயர் மாற்றிக்கொண்டிருந்தான். ஹேண்டில் பாரில் பிடியை அமுக்கினால் அங்கே சக்கரத்தில் கட்டை போய்க் கவ்வியது. அவள் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, அந்தப் பழைய ஒயரைத் தருவாயா என்று கேட்டாள். எதற்கென்று சொன்னதும் அவன் சிரித்தான்.

"கொடைக்கு பிரேக்கா? போட்டுப் பாருக்கா. வேல செஞ்சா எனக்கும் ஒண்ணு வேணும்."

குடைத்தண்டு உள்ளே காலியாக இருக்கும் இரும்புக் குழாய்தான். பிடியைக் கழற்றி, ஒயரை உள்ளே விட்டு, உச்சியில் நாக்கின் அடியில் கட்டி, கீழே பிடிக்குப் பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் சைக்கிளின் பிரேக் பிடியைப் பொருத்தினாள். சொல்வதற்குச் சுலபமாக இருக்கிறது. கட்டிய இடம் அவிழ்ந்துகொண்டே இருந்தது. முனிரத்தினம் ஈயம் வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தான். பிரேக் பிடியை அமுக்கினால் நாக்கு உள்ளே போனது, வளையம் கீழே விழுந்தது. பாதி தூரம்தான். மிச்சத்துக்கு, துணிக்கு உள்பக்கம் கம்பியிலிருந்து வளையத்துக்கு எலாஸ்டிக் நாடா தைத்தாள். அதில் எல்லாக் கம்பிக்கும் தைத்தது அதிகமாகிப்போனது. மூடிக்கொண்ட குடையைத் திறக்கவே முடியவில்லை. பிரித்துவிட்டு ஒன்று விட்டு ஒன்று தைத்தாள்.

வீட்டில் கூடத்தில் நின்று நசீருதீன் அதை இடது கையில் வாங்கினார். திறப்பதற்குப் பட்டன் கிடையாது. குடையை மேல்நோக்கி ஒரு வீசு வீசிச் சட்டென்று நிறுத்த வேண்டும், வளையம் போய் நாக்கில் மாட்டிக்கொள்ளும். இரண்டு மூன்று தடவை வரவில்லை. அடுத்த வீச்சில் குடை திறந்துகொண்டது, கம்பி நுனி பட்டுச் சுவரிலிருந்த காலண்டர் கீழே விழுந்தது. பிறகு பிடியை அமுக்கினார். குடை சொன்ன பேச்சைக் கேட்பதுபோல மூடிக்கொண்டது. மறுபடி திறந்தார், மறுபடி மூடினார். அவள் காலண்டரை எடுத்து மாட்டிவிட்டுத் திரும்பியபோதும் அதையே செய்துகொண்டிருந்தார்.

நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. ஸ்டேஷனுக்கு அந்தப்பக்கம் போய் ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்றார். வெளியே தூறிக்கொண்டிருந்தது.

போகட்டும் என்று விட்டிருக்கலாம். பஷீராவால் முடியவில்லை. அவர் தெரு திரும்பியதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு, ஸ்கூல் பைமேல் மாட்டுகிற பிளாஸ்டிக் உறையைத் தலையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனாள். அவர் திரும்பிப் பார்த்தால் என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருக்கவில்லை. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. காலை லேசாக இழுத்துக்கொண்டு, குடையை நேராகப் பிடித்துக்கொண்டு, தெரிந்தவர்களுக்குத் தலையாட்டிக்கொண்டு போனார்.

தண்டவாளத்துக்கு மேலே போகும் நடைமேம்பாலத்தில் ஏறியபோது காற்று அதிகமாக இருந்தது. பாலத்தின் நடுவில் வந்ததும் ஒரு பெரிய காற்று வந்து குடையைச் சாய்த்தது. குடை பொசுக்கென்று மூடிக்கொண்டது. அவர் தலையும் தோளும் உள்ளே மாட்டிக்கொண்டன. கறுப்புத் துணிக்குக் கீழே வேட்டியும் காலும் மட்டும் தெரிந்தன. அவர் இரண்டடி நடந்து பாலத்துக் கம்பியில் சாய்ந்து நின்றார். எலக்ட்ரிக் ட்ரெயினுக்கு ஓடிக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள், சிலர் சிரித்தார்கள்.

இனி இவர் வாசலைத் தாண்டமாட்டார், நான்தான் கெடுத்தேன் என்று நினைத்துப் பஷீரா ஓடினாள். பக்கத்தில் போனபோது குடைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் சிரித்து அவள் கேட்டதில்லை. குடையைத் தூக்கிவிட்டதும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தபடி அவளைப் பார்த்தார், தலையில் மாட்டியிருந்த பை உறையையும் பார்த்தார்.

"நீ எங்க இங்க?"

"சும்மாத்தான்," என்றாள் பஷீரா.

இருவருமாக டீ குடித்தார்கள். டீக்கடையில் அவர் நிறையப் பேசினார், குடையைப் பற்றித்தான். காற்று மேலே அழுத்தவில்லை, தண்டை வளைத்தது, வளைந்த உடனே மூடிக்கொண்டது, எனக்குக் கையில் தெரிந்தது என்றார். வீட்டுக்கு வந்ததும் குடையின் உச்சியைச் சுவரில் ஊன்றி அழுத்திக் காட்டினார். தண்டு கொஞ்சம் வளைந்ததும், யாரும் பிரேக் பிடியைத் தொடாமலே நாக்கு உள்ளே இழுத்துக்கொண்டது. ஒயரை அவள் விறைப்பாகக் கட்டியிருந்தாள். தண்டு வளைந்தால் ஒயர் தானாக இழுபடுகிறது. கொஞ்சம் தொளதொளவென்று விட்டுக் கட்டச் சொன்னார். அதிகம் விட்டால் அமுக்கும்போது பிடிக்காது என்றாள் அவள். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு என்பதில் இரண்டு பேரும் தினமும் சண்டை போட்டார்கள்.

அதிலிருந்து அவர் வீட்டில் தங்கவில்லை. கடையில் அவள் குடையைச் சரிசெய்வாள், அவர் எடுத்துக்கொண்டு காற்றைத் தேடிப் போவார். ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரி போகும்போது அடிக்கிற காற்றுக்காகப் பெருங்களத்தூர்வரை பஸ்ஸில் போய் நிற்பார். பஷீரா பயந்தாள், வண்டி வரும் ரோட்டில் இதெல்லாம் தேவையா என்று திட்டினாள். அவர் திரும்பி வந்து எந்த லாரிக்குத் தாங்கியது, எந்த லாரிக்குத் தாங்கவில்லை என்று சொல்லுவார். திட்டிக்கொண்டே கேட்டுக்கொள்வாள். மார்கழிக் கடைசியில் ஒருநாள் மழையும் இல்லை, காற்று மட்டும் இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம்வரை நின்றுவிட்டு வந்து, இனிமேல் இதைத் தொடாதே என்றார். அவள் தொடவில்லை.

அடுத்த மழைக்காலத்தில்தான் கனகவல்லி வந்தாள். அவள் பெருங்களத்தூரில் குடியிருப்பவள், தாம்பரத்தில் ஒரு ஆபீஸில் வேலை. காலையில் குழந்தையை அம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டும். பஸ் ஸ்டாப்பில் கொட்டுகிற மழையில், முன்னால் ஏறிய ஒருவர் படியில் கால் வைத்தபடியே குடையை ஒரு கையால் மூடிக்கொண்டு ஏறியதைப் பார்த்திருக்கிறாள். இடுப்பில் குழந்தையோடும் விரித்த குடையோடும் பஸ் வாசலில் மாட்டிக்கொண்டு நின்றது அவள்தான். பஸ்ஸிலேயே அவரிடம் விசாரித்து, சாயங்காலம் கடையைத் தேடி வந்துவிட்டாள், தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு.

பஷீரா தயங்கினாள். அது விற்பதற்குச் செய்ததல்ல, அவருக்கு ஒரு கை வராது, அவருக்காகச் செய்தது என்று தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"எனக்கும் ஒரு கைதாங்க்கா இருக்கு," என்றாள் கனகவல்லி. "இன்னொண்ணுல இவன் இருக்கான்."

நசீருதீன் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். பையன் பெயர் என்ன, எந்த மாதம் பிறந்தான், ஆபீஸில் மேனேஜர் எப்படி என்று ஆரம்பித்தார். பஷீரா உள்ளே போய் மெஷினில் உட்கார்ந்தாள். வேலை ஒன்றும் இல்லை. சும்மா உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

கனகவல்லிக்கு ஒன்று செய்து கொடுத்தார்கள். அதைப் பார்த்து அவள் ஆபீஸிலிருந்து ஒருத்தி வந்தாள். பிறகு ஊன்றுகோலோடு நடக்கும் ஒரு ரிட்டயர்ட் வாத்தியார், பிறகு கையில் எப்போதும் கேரியர் தூக்கிக்கொண்டு போகும் ஒரு மெஸ்காரர். முனிரத்தினத்துக்கும் ஒன்று போனது. அவனுக்கு இரண்டு கையும் நன்றாகத்தான் இருந்தன, ஆனால் முதலில் கேட்டவன் அவன். பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்களைப் பார்த்தால் பாதிப் பேருக்கு மேல் ஒரு கைதான் சும்மா இருக்கிறது என்று நசீருதீன் தானே கண்டுபிடித்ததுபோல எல்லோரிடமும் சொன்னார். கனகவல்லி சொன்னதுதானே என்று பஷீரா ஞாபகப்படுத்துவாள்.

பெரிய வியாபாரமாக அது ஆகவில்லை. ஒரு குடை செய்ய நேரம் பிடித்தது, சிலது ஒயர் அறுந்து திரும்பி வந்தது. இரண்டு வருஷத்தில் பாரிமுனை மொத்த விலைக் கடைகளில் சைனாக் குடை வந்து இறங்கியது. ஒரே பட்டன், அமுக்கினால் திறக்கும், மறுபடி அமுக்கினால் மூடும், மடித்துக் கைப்பையில் வைத்துக்கொள்ளலாம். நசீருதீன் ஒன்று வாங்கி வந்தார். பஷீரா அன்றைக்கே அதைப் பிரித்தாள். உள்ளே இருந்த கயிறும் ஸ்ப்ரிங்கும் எப்படிப் போகிறது என்று வெகுநேரம் பார்த்தாள். பொறாமையாகத்தான் இருந்தது, ஆனால் செய்தவன் கெட்டிக்காரன் என்று ஒத்துக்கொண்டாள். நசீருதீன் இடது கையால் பழகிப் பார்த்தார். மூடுகிறது. ஆனால் மூடியபின் நீண்டு நிற்கும் தண்டை உள்ளே தள்ளி மாட்ட இன்னொரு கை வேண்டும், இல்லையென்றால் வயிற்றில் வைத்து அமுக்க வேண்டும். அவர் வயிற்றில் வைத்து அமுக்கினார், அது வழுக்கி மறுபடி நீண்டுகொண்டது. பஷீரா சிரித்துவிட்டாள். கடையில் சைனாக் குடையைத் தொங்கவிட்டார்கள், அதுதான் அதிகம் விற்றது. கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும் பிரேக் குடை செய்துகொடுத்தாள்.

ஒரு பெருநாளைக்கு மறுநாள் கடை திறக்கவில்லை. மகள், மருமகன் எல்லோரும் வந்து போயிருந்தார்கள். வண்டலூர் போகலாமா என்று நசீருதீன் திடீரென்று கேட்டார். இத்தனை பக்கத்தில் இருந்தும் அவர்கள் மிருகக்காட்சி சாலைக்குப் போனது இஃப்ரா சின்னப் பிள்ளையாக இருந்தபோது, அப்போதும் பஷீரா பாதியில் ஒரு பெஞ்சில் டிபன் பாத்திரங்களோடு உட்கார்ந்துவிட்டாள். இந்தத் தடவை ஒன்றும் கட்டிக்கொண்டு போகவில்லை.

நீர்யானைப் பக்கம் வந்தபோது மழை பிடித்தது. பெருநாள் கூட்டம் மொத்தமும் மரத்தடிக்கும் கூரைக்கும் ஓடியது. நசீருதீன் நின்று ஒரு வீசு வீசிக் குடையைத் திறந்தார். அவள் அவருடைய வலது பக்கம் வந்து நின்றாள். குடைக்குள் இரண்டு பேருக்கு இடம் போதவில்லை, அவள் ஒரு தோள் நனைந்தது. தொங்கிக்கொண்டிருந்த அவர் வலது கையை எடுத்துத் தன் கையில் கோத்துக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ரோட்டில் அவர் கையை அவள் பிடித்ததில்லை. அவருக்கு உடனே தெரிந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. கொஞ்ச தூரம் நடந்த பிறகு, உன் விரலெல்லாம் சில்லுனு இருக்கே, நனையறியா என்று கேட்டார்.

"தெரியுதா உங்களுக்கு?"

"லேசாத் தெரியுது," என்றார்.

அந்தக் கைக்கு உணர்ச்சி திரும்பும் என்று டாக்டர் ஒருநாளும் சொன்னதில்லை. நிஜமாகவே தெரிந்ததா, அவளுக்காகச் சொன்னாரா என்று பஷீரா கேட்கவில்லை. நீர்யானை தண்ணீருக்குள்ளிருந்து மூக்கையும் கண்ணையும் மட்டும் வெளியே விட்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கம்பியோரத்தில் வேறு யாரும் இல்லை. அது வெளியே வரட்டும், பார்த்துவிட்டுப் போகலாம் என்றார் நசீருதீன். இருவரும் நின்றார்கள்.